கழுவும் நேரத்துக்கும் கூலி: வீட்டிலிருந்து பெடிக்யூர் தொழில்

பெடிக்யூர் என்பது கால் நகங்களை வெட்டிச் சீராக்கி, குதிகாலில் தடித்துப்போன தோலைத் தேய்த்து மெல்லியதாக்கி, பாதத்தைக் கழுவித் துடைத்து, க்ரீமோ எண்ணெயோ தடவிப் பிடித்துவிடும் வேலை. நகப்பூச்சு அதன் கடைசிப் படி. வேண்டாம் என்பவர்களுக்கு அதுவும் தேவையில்லை. சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி, செய்பவருக்கு ஒரு ஸ்டூல், இரண்டு டப், கொஞ்சம் கருவிகள், வெந்நீர் இருந்தால் வீட்டின் முன்னறையிலேயே தொடங்கிவிடலாம். முடி திருத்தும் நிலையத்துக்கு வேண்டிய சுவர் நிறையக் கண்ணாடியோ, தெருவைப் பார்த்த வாடகை இடமோ இதற்கு வேண்டாம். தையல், டியூஷன், இட்லி மாவு என்று பெண்கள் வீட்டிலிருந்து செய்யும் தொழில்களின் வரிசையில் அழகுக்கலை சேர்ந்து வெகுநாள் ஆகிறது. புருவம் திருத்துவதையும் ஃபேஷியலையும் வைத்துத் தொடங்கியவர்கள் பலரும் இப்போது பெடிக்யூரையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

தொடங்குவது எளிது என்பதால் விலை வைப்பதும் எளிது என்று தோன்றிவிடுகிறது. பக்கத்துத் தெருவில் 300 ரூபாய் என்றால் இங்கே 250 என்று எழுதி ஒட்டுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. க்ரீமுக்கும் ஸ்க்ரப்புக்கும் ஆன செலவைக் கணக்குப் பார்ப்பவர்கள்கூட, வேலை முடிந்தபின் டப்பைக் கழுவி, கருவிகளைக் கொதிக்க வைத்து, துண்டுகளைத் துவைத்துக் காயப்போடும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கூலி கிடைக்காத அந்த வேலைதான் அவசரத்தில் முதலில் விடுபடுகிறது. பெடிக்யூரில் அது விடுபட்டால் ஒருவர் காலில் இருக்கும் கிருமி அடுத்தவர் காலுக்குப் போகும். அதனால் விலையையும் சுத்தத்தையும் சேர்த்துத்தான் பேசவேண்டியிருக்கிறது.

காலுக்கு என்ன நேர்கிறது

உடம்பின் பெரும்பாலான இடங்களில் தோலை மெழுகுபோல் காக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளங்காலில் கிடையாது. அங்கே இருப்பவை வியர்வைச் சுரப்பிகள்தான். உடல் எடையையும் தரையின் உராய்வையும் தாங்குவதற்காகக் குதிகால் தோல் தானாகத் தடிக்கிறது. தடித்த தோல் காய்ந்தால் நெகிழ்வு போய்விடும். எடை அழுத்தும்போது ஓரங்களில் பிளந்து பித்தவெடிப்பு ஆகிறது. வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பதும், பின்பக்கம் திறந்த செருப்பும், மணிக்கணக்கில் நிற்பதும் இதைக் கூட்டுகின்றன. பின்பக்கம் திறந்த செருப்பில் குதிகாலின் கொழுப்புத் திண்டு பக்கவாட்டில் பிதுங்குகிறது. வெடிப்பு விழும் இடமும் அதே ஓரம்தான். மார்கழி, தை மாதங்களின் வறண்ட குளிர்காற்றில் வெடிப்பு ஆழமாகி ரத்தம் கசிவதும் உண்டு.

பெடிக்யூர் என்றதும் கல்யாணப் பெண்ணின் பாதம்தான் விளம்பரங்களில் வருகிறது. வீட்டுத் தொழிலுக்கு மாதாமாதம் வந்து கைகொடுப்பவர்கள் வேறு ஆட்கள்: ஆசிரியைகள், செவிலியர்கள், ஜவுளிக்கடை விற்பனையாளர்கள், சமையலறையில் நின்றே நாளைக் கழிக்கும் இல்லத்தரசிகள். கடைகளில் நின்று வேலை செய்பவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று கேரளம் 2018இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது; தமிழ்நாடு 2021இல் தன் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. நாள் முழுக்க நிற்பதால் காலுக்கு வரும் கேட்டைச் சட்டமே ஒப்புக்கொள்ளவேண்டி வந்தது இப்படித்தான். இவர்களுக்கு மினுமினுப்பைவிட நடக்கும்போது வலிக்காத குதிகால்தான் தேவை. சேவைப் பட்டியலும் விலையும் இந்த வாடிக்கையாளரை மனதில் வைத்து அமைந்தால் தொழில் முகூர்த்த நாட்களை மட்டும் நம்பியிருக்காது.

ஒரு மணி நேர வேலை

முதல் ஐந்து நிமிடம் பார்ப்பதற்கே போகவேண்டும். காலைத் தண்ணீரில் வைக்கும் முன்பே, நல்ல வெளிச்சத்தில் விரல் இடுக்குகளையும் நகங்களையும் குதிகாலையும் பார்க்கவேண்டும். விரல் இடுக்கில் வெளுத்து ஊறிய தோல் இருந்தால் அது சேற்றுப்புண். நகம் மஞ்சளாகித் தடித்து உதிர்ந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். நக ஓரம் சிவந்து வீங்கித் தொட்டால் வலித்தால் நகச்சுத்தி. இவை எதையும் பெடிக்யூர் குணப்படுத்தாது. அன்று வேலையைத் தள்ளிவைத்து டாக்டரிடம் அனுப்புவதே சரி. நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு ஒன்று தோன்றி அகன்றுகொண்டே போனால் அதன்மேல் நகப்பூச்சைப் பூசி மறைக்கக் கூடாது. தோல் மருத்துவர் அதைப் பார்த்தே ஆகவேண்டும்.

பிறகு வெந்நீர். முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்கும் சூடு, ஏறக்குறைய 37 முதல் 40 டிகிரி செல்சியஸ் போதும். ஊறவைக்கும் நேரமும் ஐந்து முதல் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அரைமணி ஊறினால் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. நீண்ட ஊறல் தோலில் இருக்கும் கொஞ்ச நஞ்ச எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும், ஊறிய தோலை அளவுக்கு மேல் தேய்த்துவிடும் ஆபத்தும் அதில் இருக்கிறது. போர்வெல் உப்புத் தண்ணீர் வரும் பகுதிகளில் சோப்பு நுரைக்காது. ஒரு டப் அளவுக்கு மட்டும் குடிநீரைக் கலந்துகொள்வது நடைமுறையில் உதவுகிறது.

நகத்தை நேராக வெட்டி, முனைகளை ஃபைலால் லேசாக மழுக்கவேண்டும். ஓரங்களை வளைத்து உள்ளே வெட்டினால் நகம் சதைக்குள் வளரும். க்யூட்டிக்கிள் என்ற நகக்கண் தோலை மரக்குச்சியால் மெதுவாகப் பின்னுக்குத் தள்ளினால் போதும். அது நகத்தின் வேருக்குள் கிருமி போகாமல் அடைத்து நிற்கும் தோல் என்பதால் வெட்டி எடுப்பது கெடுதல். மெட்டி அணிந்தவர்களிடம் அதைக் கழற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தாமல், பஞ்சை நூல்போலத் திரித்து மெட்டிக்கு அடியில் விட்டு இழுத்தால் தேங்கிய சோப்பும் அழுக்கும் வந்துவிடும். அந்த இடம் ஈரமாகவே விடப்பட்டால் தோல் ஊறிப் புண்ணாகும். கடைசியில் டிஷ்யூவால் ஒற்றி உலர்த்துவது விரல் இடுக்குக்கு எவ்வளவு முக்கியமோ, மெட்டிக்கு அடியிலும் அவ்வளவு முக்கியம்.

குதிகாலைக் கல்லால் தேய்ப்பதில்தான் கைத்தேர்ச்சி தெரியும். ஒரே திசையில், மிதமான அழுத்தத்தில் தேய்த்து, தோல் இளஞ்சிவப்பாகும் முன்பே நிறுத்தவேண்டும். ஒரே அமர்வில் வழவழப்பாக்கிக் காட்ட ஆசைப்பட்டு பிளேடு வைத்த சீவுளியைக் கையில் எடுப்பது இந்தத் தொழிலின் மிகப் பெரிய தவறு. சற்றே ஆழமாகப் போனால் ரத்தம் வரும், ரத்தம் வந்த இடம் தொற்றுக்கு வாசல் ஆகும். ஆணிக்காலை வெட்டி எடுப்பதும் அழகுக்கலைஞரின் வேலைக்கு வெளியே இருப்பது. ஆழமான வெடிப்புக்கு மூன்று நான்கு வார இடைவெளியில் மூன்று அமர்வும், இடைப்பட்ட நாட்களில் வீட்டில் இரவுதோறும் யூரியா கலந்த கால் க்ரீமும் பலன் தரும். யூரியா தோலில் நீரைப் பிடித்து வைப்பதோடு தடித்த பகுதியை இளக்கவும் செய்கிறது. 10 முதல் 25 சதவீதம் வரை உள்ளவை மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன.

சர்க்கரையும் தேங்காய் எண்ணெயும், அரிசி மாவும் தயிரும் என்று வீட்டிலேயே கலக்கும் ஸ்க்ரப்பில் தப்பு ஒன்றும் இல்லை. அதில் கெடாமல் காக்கும் பொருள் இல்லாததால், அன்று கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். எலுமிச்சையும் சமையல் சோடாவும் வெடித்த தோலில் எரிச்சல் தரும். அதே கலவையைப் புட்டியில் அடைத்து விற்க ஆரம்பித்தால் அது அழகுசாதனத் தயாரிப்பு ஆகிவிடும். அதற்கு உரிமம் வேண்டும். லேபிளும் தயாரிப்புத் தேதியும் இல்லாமல் கிலோ கணக்கில் வரும் க்ரீம்களை எந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

சர்க்கரை நோயாளி வந்தால்

சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆய்வு நிறுவனம் ஒன்றின் தலைமையில் நடந்து 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஆகவே 40 வயதைத் தாண்டிய வாடிக்கையாளர்களில் ஒருவருக்காவது அது இருக்கும் என்று எடுத்துக்கொண்டே தொழிலைத் தொடங்கவேண்டும். நீண்ட நாள் சர்க்கரை கால் நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது, ரத்த ஓட்டத்தையும் குறைக்கிறது. தண்ணீர் கொதித்தாலும் அப்படிக் கால் மரத்தவருக்குச் சூடு தெரியாது, கல் கீறினாலும் வலி தெரியாது. சின்னக் காயம் ஆறாத புண்ணாகி விரலையே எடுக்கும் நிலைக்குப் போனவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

உட்கார்ந்ததும் "சுகர் இருக்காம்மா? கால் மரத்துப் போகுமா?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். மரத்துப்போன கால், ஆறாத புண், காலில் பழைய அறுவை சிகிச்சை இருந்தால் பெடிக்யூர் வேண்டாம். சர்க்கரை கட்டுக்குள் இருந்து, உணர்ச்சியும் நன்றாக இருப்பவர்களுக்கு டாக்டரின் சம்மதத்தோடு, ஊறவைக்காமல், கல் போட்டுத் தேய்க்காமல், நகத்தை ஃபைலால் தேய்த்து க்ரீம் தடவும் எளிய சேவையை மட்டும் செய்யலாம். க்ரீமை விரல் இடுக்கில் தடவக் கூடாது. 400 ரூபாய் வருமானத்தைத் திருப்பி அனுப்புவது சுலபம் இல்லைதான். ஆனாலும் அந்த ஒரு காலில் நடக்கக்கூடியதை எந்த வருமானமும் ஈடுகட்டாது.

வயதானவர்களிடம் இன்னொரு தயக்கமும் உண்டு. அறுபதைத் தாண்டிய அம்மாக்கள் "ஐயோ, நீ என் காலைப் பிடிக்கிறதாவது, வேணாம்மா" என்று காலை உள்ளே இழுத்துக்கொள்வது அன்றாடம் நடப்பது. காலைத் தொடுவதற்கு நம் ஊரில் பணிவு, பக்தி, சாதி என்று எத்தனையோ அர்த்தங்கள் ஏறியிருக்கின்றன. அடுத்தவர் காலைத் தொட்டுச் செய்யும் வேலை என்பதாலேயே இதன் கூலியைக் குறைத்துப் பேசுபவர்களும் இருக்கிறார்கள். கையுறை, சுத்தமான ஏப்ரன், சுவரில் தெளிவான விலைப் பலகை ஆகிய மூன்றும் இருந்தால் அந்தப் பேச்சு பெருமளவு அடங்குகிறது. இது பயிற்சி பெற்றுச் செய்யும் தொழில் என்பது பார்த்தவுடன் புரிந்துவிடுகிறது.

டப்பில் தங்கும் கிருமி

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வடக்குக் கலிபோர்னியாவில் ஒரே நக அழகு நிலையத்துக்குப் போய்வந்தவர்களில் நூறு பேருக்கு மேல் முழங்காலுக்குக் கீழே ஆறாத கொப்புளங்கள் வந்தன. விசாரித்தபோது, தண்ணீரைச் சுழற்றும் கால் தொட்டிகளின் வடிகட்டிக்குப் பின்னால் முடியும் அழுக்கும் அடைந்து, அதில் மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சூட்டம் என்ற கிருமி வளர்ந்திருந்தது தெரிந்தது. வருவதற்கு முன் காலைச் சவரம் செய்திருந்தவர்களுக்குத் தொற்று அதிகம் வந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியாகக் கிருமி நுழைந்திருக்கிறது.

வீட்டுத் தொழில் செய்பவர்களுக்கு இதில் இரண்டு பாடங்கள். மோட்டார் வைத்த, குமிழி விடும் தொட்டியை வாங்கவே வேண்டாம். உள்ளே குழாய் இல்லாத, வழவழப்பான சாதாரண பிளாஸ்டிக் டப்தான் கழுவ எளிது, விலையும் குறைவு. முந்தைய நாளோ அன்று காலையோ கால் முடியைச் சவரமோ வாக்ஸோ செய்துகொண்டு வருபவர்களுக்கு இரண்டு நாள் கழித்து நேரம் கொடுக்கவேண்டும். வாக்ஸிங்கும் பெடிக்யூரும் சேர்ந்த சலுகைப் பொதியை விற்பவர்கள் பெடிக்யூரை முதலில் வைப்பது நல்லது.

ஒவ்வொருவருக்கும் பிறகு டப்பைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து, மறுபடி அலசி, துடைத்துக் காயவைக்க வேண்டும். கடையில் கிடைக்கும் ப்ளீச் திரவத்தில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்த கரைசல் பிளாஸ்டிக் டப்புக்குப் போதுமானது. அந்த ப்ளீச்சைக் கழிவறை ஆசிட்டோடு எக்காரணம் கொண்டும் கலக்கக் கூடாது, நச்சுவாயு கிளம்பும். உலோகக் கருவிகளை ப்ளீச் அரித்துவிடுவதால் அவற்றுக்கு வேறு வழி: சோப்பும் பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவி, இதற்கென்றே ஒதுக்கிய பிரஷர் குக்கரில் ஆவியில் வைப்பது. ஆஸ்பத்திரி ஆட்டோகிளேவ் வேலை செய்யும் அதே முறையில், அழுத்தம் ஏறியதும் குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரியை எட்டுகிறது. விசில் வந்தபின் தணலைக் குறைத்து 20 நிமிடத்துக்கு மேல் விட்டு, தானாக ஆறியபின் திறந்து, உலர்ந்த மூடியிட்ட டப்பாவில் வைக்கலாம். கழுவாமல் நேராகக் கொதிக்க வைத்தால் அழுக்குக்கு அடியில் கிருமி தப்பிவிடும். அழகு நிலையங்களில் நீல ஒளியோடு இருக்கும் யு.வி. பெட்டி சுத்தமான கருவியை வைத்திருக்கும் இடம்தான், அழுக்குக் கருவியை அது சுத்தமாக்காது.

ஃபைல், மரக்குச்சி, விரல் பிரிப்பான் மூன்றும் ஒருவருக்கு ஒரு முறைதான். தேய்க்கும் கல்லில் நுண்துளைகள் இருப்பதால் அதைக் கிருமியில்லாமல் ஆக்கவே முடியாது. வழக்கமாக வருபவர்களுக்குத் தனிக் கல் கொடுத்து, பெயர் எழுதிய பையில் அவர்களிடமே கொடுத்தனுப்புவது சிறந்த ஏற்பாடு. அடுத்த முறையும் அவர் இங்கேயே வருவதற்கு அந்தப் பை ஒரு காரணமாகவும் அமைகிறது.

விலை எப்படி உருவாகிறது

கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு. பெருநகரம் அல்லாத ஒரு நகரத்தில் மாதம் 20 பெடிக்யூர் செய்பவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சேவைக்கு ஸ்க்ரப், க்ரீம், சோப்பு, உப்பு 50 ரூபாய். டப்புக்குள் விரிக்கும் உறை, ஃபைல், குச்சி, கையுறை 33 ரூபாய். பஞ்சு, டிஷ்யூ, நகப்பூச்சு, கிருமிநாசினி, துண்டு துவைப்பு 27 ரூபாய். ஆக மொத்தம் 110. வெந்நீர்ச் செலவைப் பற்றிப் பலரும் கவலைப்படுகிறார்கள். எட்டு லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 40க்கு ஏற்ற ஒரு யூனிட்டில் ஒன்பதில் ஒரு பங்கு மின்சாரம் போதும். அது ஓரிரு ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

நாற்காலி, ஸ்டூல், டப், மூன்று செட் கருவிகள், குக்கர், ஒரு டஜன் துண்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து 15,000 ரூபாய் ஆனது, இரண்டு வருடம் உழைக்கும் என்று கொண்டால், 480 சேவைகளில் பரவி ஒன்றுக்கு 31 ரூபாய் வருகிறது. போன், விளம்பர அட்டை, அறையைப் பராமரிப்பது என மாதம் 600 ரூபாய் என்றால் ஒன்றுக்கு 30. இதுவரை 171 ரூபாய். இதில் கூலி இன்னும் சேரவில்லை.

நேரத்தை நேர்மையாக எண்ணவேண்டிய இடம் இதுதான். தயார்செய்ய 10 நிமிடம், சேவை 60 நிமிடம், கழுவிச் சுத்தம் செய்ய 20 நிமிடம் என்று ஒரு பெடிக்யூர் ஒன்றரை மணி நேரத்தை எடுத்துக்கொள்கிறது. மணிக்கு 120 ரூபாய் என்று தன் உழைப்பை மதித்தால் கூலி 180. மொத்தம் 351. வராமல் போகும் வாடிக்கையாளர், உடையும் பாட்டில், ஏறும் விலைவாசி இவற்றுக்காக 15 சதவீதம் சேர்த்தால் 403. பலகையில் 400 என்று எழுதலாம்.

இதே வேலையை 250 ரூபாய்க்குச் செய்தால் செலவு போக மிஞ்சுவது 79 ரூபாய். ஒன்றரை மணி நேரத்துக்கு அது மணிக்கு 53 ரூபாய்கூட ஆகாது. அந்த விலையில் ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று பேரைப் பார்க்கும் இடத்தில் ஐந்து பேரைப் பார்க்கத் துடிப்பார். அந்த ஐந்து பேருக்கான நேரம் குக்கர் ஆறவேண்டிய நேரத்திலிருந்துதான் எடுக்கப்படும். விலையைக் குறைத்தே ஆகவேண்டும் என்றால் சேவையைச் சுருக்கலாம்: நகமும் கழுவுதலும் மட்டும், தேய்த்தல் இல்லை, 35 நிமிடம், 250 ரூபாய். சுத்தப்படுத்தும் 20 நிமிடத்தில் கைவைக்கக் கூடாது.

வாடிக்கையாளர் கூடினால் கணக்கு எப்படி மாறுகிறது என்பதையும் பார்க்கலாம். மாதம் 60 ஆனால் கருவிச் செலவு ஒன்றுக்குப் பத்து ரூபாய், இதரச் செலவு பத்து ரூபாய் என்று இறங்கிவிடும். 400 ரூபாயில் 270 கையில் நிற்கும். 90 மணி நேர உழைப்புக்கு 16,200 ரூபாய். மாதம் 20 என்ற அளவிலோ பெடிக்யூர் மட்டும் குடும்பத்தைத் தாங்கும் வருமானம் ஆகாது. அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் புருவம், ஃபேஷியல், மெஹந்தி என்று இரண்டு மூன்றைச் சேர்த்தே நடத்துகிறார்கள். பெடிக்யூருக்கு வந்தவர் ஊறும் பத்து நிமிடத்தில் புருவத்தைத் திருத்திவிடலாம்; அதற்கு முன் கையுறையை மாற்றவேண்டும்.

வாடிக்கையாளர் வீட்டுக்கே போய்ச் செய்வதற்குத் தனி விலை வேண்டும். போகவர 40 நிமிடம் என்றால் கூலி 80, பெட்ரோல் 40 சேர்ந்து 120 கூடுகிறது. 520க்குக் குறைந்தால் நஷ்டம். கைபேசிச் செயலி வழியாக வீட்டுக்கு வரும் நிறுவனங்களின் தள்ளுபடி விலையோடு போட்டி போடுவதைவிட, ஒரே அடுக்குமாடியில் ஒரே நாளில் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு பயணச் செலவைப் பங்கிடுவது புத்திசாலித்தனம். அப்போது மூன்று செட் கருவிகளும் மூன்று டப் உறைகளும் பையில் இருக்கவேண்டும்.

முகூர்த்தமும் ஆடியும்

தை, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களும் தீபாவளி, பொங்கல் வாரங்களும் நெரிசலானவை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, மணப்பெண் சேவையும் இல்லை. ஆனால் ஆடியில் கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்தவர்களும், மார்கழியில் வெடிப்பு கண்டவர்களும் வருவார்கள். ஒன்றை மட்டும் அவர்களிடம் சொல்லிவைக்க வேண்டும்: தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் புறப்படும் வாரத்தில் குதிகாலைத் தேய்த்துக்கொள்ளக் கூடாது. தடித்த தோல்தான் அந்த நீண்ட நடைக்குக் காவல். அதைத் தேய்த்து எடுத்தால் பாதி வழியில் கொப்புளம் கிளம்பும். திரும்பி வந்து கொப்புளங்கள் ஆறியபின் வரச் சொல்வதே நல்லது.

மணப்பெண்ணுக்கு மூன்று அமர்வுப் பொதி பொருந்தும். முதலாவது இரண்டு மாதம் முன்பு, அடுத்தது ஒரு மாதம் கழித்து, கடைசி மருதாணிக்கு முதல்நாள். மருதாணிச் சிவப்பு தோலின் மேலடுக்கில்தான் பிடிக்கிறது என்பதால், வைத்தபின் ஸ்க்ரப் போட்டால் நிறம் திட்டுத்திட்டாக உரியும். மூன்றையும் தனித்தனியாகச் செய்தால் 1,200 ரூபாய். பொதியாக 1,100 என்று வைத்துப் பாதியை முன்பணமாக வாங்குவது நடைமுறை. பொதிக்குத் தள்ளுபடி தரும்போது அது எதிலிருந்து போகிறது என்பதைத் தெரிந்து தரவேண்டும்: மேலே சேர்த்த 15 சதவீதத்திலிருந்து தரலாம், கூலியிலிருந்து தரக் கூடாது. கால் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளர்கிறது. அதனால் ஆழமான வெடிப்பு இல்லாதவர்களை நான்கு வாரத்துக்குள் மறுபடி வரச் சொல்லி வற்புறுத்துவதும் நியாயம் இல்லை.

வீட்டுத் தொழிலின் தீராத தலைவலி பேரம். "அக்கா, நம்ம தெருதானே, கொஞ்சம் பார்த்துப் போட்டுக்கோங்க" என்று ஆரம்பித்து, நாத்தனாரின் தோழி, மாமியாரின் அக்கா என்று உறவு முறையில் விலை கரையும். உறவினருக்கு இலவசமாகச் செய்ய விரும்பினால் மாதத்தில் ஒரு நாளை அதற்கென்று வைத்துக்கொள்வது நல்லது. மற்ற நாட்களில் பலகையில் இருக்கும் விலை எல்லோருக்கும் ஒன்றே. கடன் சொல்பவர்களைத் தவிர்க்க கியூ.ஆர். அட்டையும், நேரம் பதியும்போதே 100 ரூபாய் முன்பணமும் உதவும். முன்பணம் கொடுத்தவர் சொன்ன நேரத்துக்கு வருகிறார் என்பது அதன் கூடுதல் பலன்.

செய்பவரின் உடம்பும் இந்தக் கணக்கில் சேரும். தாழ்ந்த ஸ்டூலில் குனிந்தே இருந்தால் சில மாதத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். வாடிக்கையாளரின் நாற்காலியை ஓர் அடி உயர மேடையில் போட்டு, செய்பவர் நிமிர்ந்து உட்காரும்படி அமைத்தால் அது குறையும். நாள் முழுக்கத் தண்ணீரிலும் சோப்பிலும் இருக்கும் கையில் தோல் வெடித்து அரிப்பு வரும், அதற்கு நைட்ரைல் கையுறைதான் காப்பு. நகப்பூச்சு நீக்கி எளிதில் தீப்பிடிக்கும் திரவம். குக்கர் அடுப்பு எரியும் அறையில் அதைத் திறக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருக்கவேண்டும்.

பயிற்சி, பதிவு, வரி

காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டு நேராக வாடிக்கையாளர் காலில் கைவைப்பது தவறு. ஐ.டி.ஐ.களில் அழகுக்கலைப் பாடப்பிரிவு உண்டு. வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் அழகு நிலையப் பயிற்சி கட்டணமின்றிக் கிடைக்கிறது. அழகுக்கலைத் துறைக்கான திறன் மேம்பாட்டுக் குழுமம் மானிக்யூர்-பெடிக்யூர் பணிக்கென்றே தனித் தகுதிச் சான்று வைத்திருக்கிறது. சான்றிதழைச் சட்டம் போட்டு விலைப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டுவது வீண் பெருமை ஆகாது. விலைக்கு அதுதான் ஆதாரம்.

உத்யம் பதிவு 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆதார் எண்ணை வைத்து அரசுத் தளத்தில் கட்டணமே இல்லாமல் செய்துகொள்ளலாம். இடைத்தரகருக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் கிடைக்கும். மேலே சொன்ன 15,000 ரூபாய் முதலீட்டுக்குக் கடனே வேண்டியதில்லை. அறையில் தண்ணீர் இணைப்பும் வடிகாலும் போடவேண்டி வந்தால் அது உதவும். வீட்டு மின் இணைப்பில் தொழில் நடத்துவது பற்றி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும், வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரிடமும் அடுக்குமாடியாக இருந்தால் சங்கத்திடமும் எழுத்தில் சம்மதம் வாங்குவதும் பின்னால் வரும் சச்சரவைத் தவிர்க்கும்.

சேவைத் தொழிலுக்கு ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். மாதம் 60 பெடிக்யூர் செய்பவரின் ஆண்டு வருவாய் 2,88,000 ரூபாய். அந்த வரம்பு இன்னும் வெகு தூரம். வளர்ந்து அதைத் தொடுபவர்களுக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் அழகு நிலையச் சேவைகளின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியை அதில் கழித்துக்கொள்ள முடியாது. பதிவு இல்லாதவர் பில்லில் ஜி.எஸ்.டி. என்று போட்டு வசூலிப்பது குற்றம்.

வரவு செலவை எழுத ஒரு நோட்டு போதும்: தேதி, யார், என்ன சேவை, வாங்கிய தொகை, பொருளுக்கு ஆன செலவு. வருடத்துக்கு ஒருமுறை, தை முகூர்த்தங்கள் தொடங்கும் முன் அந்த நோட்டை வைத்து மேலே உள்ள கணக்கைத் திரும்பப் போடவேண்டும். க்ரீம் விலையும் கையுறை விலையும் ஏறியிருந்தால் பலகை விலையும் 20, 30 ரூபாய் ஏறவேண்டும். பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒரு மாதம் முன்னதாகவே வாட்ஸ்ஆப்பில் தெரிவித்து, ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்களுக்குப் பழைய விலையிலேயே செய்து கொடுப்பதுதான் முறை.